இணையதளத்தில் எதை எழுதுவது என்று யோசிக்காமல் பதினான்கு மாதங்களை இழந்த அனுபவம்

நான் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். சரக்குகளை அடைத்து அனுப்பும் நிறுவனங்களுக்கு, அவர்கள் கேட்கும் அளவில் மூன்று பிளை, ஐந்து பிளைப் பெட்டிகளை (பிளை என்பது அட்டையின் காகித அடுக்கு) செய்து கொடுப்பது எங்கள் வேலை. முதல் ஒன்பது ஆண்டுகள் இணையதளம் இல்லாமலேயே தொழில் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் சொல்லி இன்னொருவர் வருவார், அவர் சொல்லி அடுத்தவர் வருவார். பத்தாம் ஆண்டில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து உற்பத்தியைக் குறைத்துக்கொண்டபோதுதான், எங்களை அறியாதவர்களும் எங்களைக் கண்டடைய ஒரு வழி வேண்டும் என்று தோன்றியது. அப்படி முடிவெடுத்த நாளிலிருந்து அந்தத் தளம் உண்மையிலேயே பயன் தரத் தொடங்கிய நாள்வரை பதினான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. அதற்குள் வடிவமைப்புக்காக இரண்டு முறை பணம் கொடுத்தேன், ஒரு முழுச் சரக்குக்கு இழப்பீடு கொடுத்தேன், ஆறு ஆண்டுகள் உடனிருந்த ஒரு வாடிக்கையாளரை இழந்தேன். இவற்றில் எதுவும் தொழில்நுட்பக் கோளாறால் நேர்ந்ததன்று. தளத்தில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் பேசவும் அப்போது யாரும் இல்லை. இப்போது தளம் தொடங்க நினைப்பவர்களுக்காவது இது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தளத்தை வடிவமைக்க நான் அமர்த்தியவர் நேர்மையானவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. முதல் சந்திப்பு முழுவதும் நிறங்களைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும் பேசினோம். இரண்டு வாரம் கழித்து அவர் காட்டிய மாதிரி மிகவும் அழகாக இருந்தது. எழுத்து வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் லத்தீன் வரிகள் இருந்தன. கி.மு. 45-ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய தத்துவ நூல் ஒன்றின் வரிகளைச் சிதைத்து உருவாக்கிய, பொருளே இல்லாத நிரப்பு எழுத்து அது. “இந்த இடங்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும்” என்றார் அவர். நானும் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதுபோல நிரப்பத் தொடங்கினேன். முகப்பில் மூன்று வட்டங்கள் இருந்ததால் எங்கள் நிறுவனத்துக்கு மூன்று சிறப்புகளைத் தேடினேன். ஒரு கட்டம் நாற்பது சொற்களுக்கு இடம் கொடுத்தது என்பதற்காக, பத்துச் சொற்களில் முடியவேண்டிய செய்தியை நாற்பதாக நீட்டினேன். எங்கள் வாடிக்கையாளருக்கு மிகவும் தேவையான ஒரு செய்திக்கு அந்த மாதிரியில் கட்டமே இல்லை என்பதால், அது என் நினைவுக்கே வரவில்லை. உள்ளடக்கம் முதலில், அதற்கேற்ற வடிவம் பிறகு என்ற வரிசை தலைகீழானது அந்த இடத்தில்தான். நீங்கள் தளம் செய்யப் போகிறீர்கள் என்றால், வடிவமைப்பாளரைச் சந்திக்கும் முன்பே, எழுத்து வடிவில், அழகில்லாமல், ஒரு சாதாரணக் கோப்பில் எல்லாப் பக்கங்களையும் எழுதி முடித்துவிடுங்கள். அந்தக் கோப்பைப் பார்த்து அவர் வடிவம் போடட்டும்.

என்ன எழுதுவது என்று தெரியாதபோது நான் மற்றவர்களின் தளங்களைப் பார்த்தேன். இதே தொழில் செய்யும் ஏழெட்டு நிறுவனங்களின் தளங்களில் ஒரே மாதிரியான தலைப்புகள் இருந்தன: எங்களைப் பற்றி, எங்கள் தொலைநோக்கு, எங்கள் குறிக்கோள், ஏன் எங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் அதுதான் முறை என்று நம்பினேன். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு மட்டும் எண்ணூறு சொற்கள் எழுதினேன். தரம், நம்பிக்கை, அர்ப்பணிப்பு ஆகிய மூன்று சொற்களும் அதில் எத்தனை முறை வந்தன என்பதைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சில வரிகளை, சொற்களை மட்டும் மாற்றி, அப்படியே எடுத்தாண்டேன். அவற்றுள் ஒன்று, “எங்கள் பெட்டிகள் ஈரத்தைத் தாங்கும் வலிமை கொண்டவை” என்பது. பதினோரு வார இறுதிகளை இந்த எழுத்துக்காகவே செலவிட்டேன்.

தளம் வெளியான அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி உண்மையானது. பிறகு வந்தது மௌனம். முதல் ஐந்து மாதங்களில் தொடர்புப் படிவத்தின் வழியாக அறுபத்தொரு செய்திகள் வந்தன. அவற்றில் ஐம்பது, எங்களுக்கு ஏதோ ஒன்றை விற்க முயன்றவர்களின் விளம்பரங்கள். எட்டு, வீடு மாறுவதற்காகப் பத்து அல்லது இருபது பெட்டிகள் கேட்டவை. நாங்கள் அப்படிச் சில்லறையாகச் செய்வதில்லை. மிச்சமிருந்த மூன்று பேருக்கும் விவரமாகப் பதில் எழுதினேன். அவர்கள் திரும்பத் தொடர்பு கொள்ளவில்லை. தேடுபொறியில் எங்கள் தளம் முன்னால் வராததுதான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த மூன்று மாதங்கள் இணைய விளம்பரத்துக்குப் பணம் கட்டினேன். பார்வையாளர்கள் பல மடங்கு கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே சொல்ல வேண்டியதைச் சொல்லாத தளத்துக்கு விளம்பரம் செய்வது, சரக்கில்லாத கடைக்கு வெளியே பெரிய பலகை வைப்பதைப் போன்றது என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை. இரவில் தூக்கம் வராமல் அந்தத் தளத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் ஒருவரும் அழைக்கவில்லை என்ற கேள்வியை அலுவலகத்தில் யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

விளம்பரத்தின் வழியாக, ஏழாம் மாதத்தில் ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தார். நல்ல அளவிலான முதல் ஆர்டர். பெட்டிகளைக் குறித்த நாளில் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அவர் அழைத்தார். குளிர்சாதனக் கிடங்கில் அடுக்கி வைத்த பெட்டிகள் நசுங்கிச் சரிந்து, உள்ளிருந்த பொருள்களும் கெட்டுவிட்டதாகச் சொன்னார். நேரில் போனேன். அவர் மேசைமேல் எங்கள் தளத்தின் ஒரு பக்கம் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஈரத்தைத் தாங்கும் என்ற வரியின் கீழ்க் கோடு போட்டிருந்தார். “இதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். இதை எழுதியது நீங்கள்தானே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாதாரண அட்டைப்பெட்டி காகித நாரால் ஆனது. அதன் அடுக்குகளைப் பெரும்பாலும் மாவுப்பசைதான் ஒட்டி வைத்திருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் காகிதம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியின் மேல் பெட்டி அடுக்கும்போது தாங்கும் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த வரியை நான் எடுத்தது, மெழுகுப் பூச்சுப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் தளத்திலிருந்து. அவர்களுக்கு அது பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது. முழுச் சரக்குக்கும் இழப்பீடு கொடுத்தேன். அந்த ஆண்டின் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதோடு போயிற்று. பணத்தைவிடவும் அந்தக் கோடு போட்ட தாள்தான் நெடுநாள் என் கண்முன் நின்றது. தளத்தில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும், “இதை விலைப்புள்ளியில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவேனா?” என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. போட மாட்டேன் என்றால் அந்த வாக்கியம் தளத்திலும் இருக்கக் கூடாது.

அதே காலத்தில் இன்னொன்றும் நேர்ந்தது. ‘எங்கள் பணிகள்’ என்ற பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று, உற்பத்திக் கூடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். அவற்றில் ஒரு வரிசை, எங்களுடைய நீண்டநாள் வாடிக்கையாளர் ஒருவர் புதிதாக வெளியிடவிருந்த பொருளுக்கானது. பெயரும் படமும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பொருள் சந்தைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர் கோபமாகப் பேசவில்லை. “உங்கள் கூடத்துக்குள் வருவது வெளியே போகாது என்று நம்பியிருந்தோம்” என்று மட்டும் சொன்னார். படத்தை உடனே எடுத்துவிட்டேன், நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். அடுத்த ஆர்டர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பிறருக்காகச் செய்த வேலையைத் தளத்தில் காட்டுவதற்கு முன் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும் என்பதை நான் இந்த விலை கொடுத்துத்தான் கற்றேன். வாடிக்கையாளரின் சின்னத்தை ‘எங்களை நம்புவோர்’ என்று வரிசையாகப் போடுவதற்கும் இதே விதிதான். தொழிலாளர்களின் முகங்களுக்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். படத்தின் பின்னணியையும் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் யாருடைய தொலைபேசி எண்ணோ, எந்த ஆர்டரின் விவரமோ இருக்கலாம்.

பத்தாம் மாதத்தில், தளத்தை மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் அலுவலகத்தில் தொலைபேசியைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணியிடம், விளம்பரக் கணக்கை நிறுத்துவதற்கான வேலையைச் சொல்லும்போது இதையும் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “சார், என்னிடம் தினமும் கேட்கிற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தத் தளத்தில் பதில் இல்லை. இருந்திருந்தால் நானே எல்லோரையும் அதைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.” பத்து மாதங்களாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் என் அறைக்கு வெளியே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அவரிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை நினைத்து மனம் வருந்தினேன்.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கித் தொலைபேசி அருகில் வைத்தோம். நான்கு வாரங்களுக்கு, அழைத்தவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட சொற்களிலேயே எழுதுவது என்று ஏற்பாடு. மொத்தம் நூற்று எண்பத்தேழு கேள்விகள் சேர்ந்தன. குறைந்தது எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்று கேட்டவை நாற்பத்தொன்று. விலை எப்படிக் கணக்காகிறது, எதைக் குறைத்தால் விலை குறையும் என்பவை முப்பத்தெட்டு. அளவை எப்படிச் சொல்வது, உள் அளவா வெளி அளவா என்பவை முப்பத்துமூன்று. எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை இருபத்தொன்பது. மாதிரி ஒன்று செய்து தருவீர்களா என்பவை இருபத்திரண்டு. நீங்களே கொண்டுவந்து இறக்குவீர்களா என்பவை பதினான்கு. மற்றவை பத்து. எங்கள் தொலைநோக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பதினோரு வார இறுதிகளில் எழுதிய எதுவும் இந்த நூற்று எண்பத்தேழில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கேள்விகளை அவரவர் சொற்களில் எழுதச் சொன்னதற்கு நான் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. தளம் முழுவதும் நான் தொழிற்சொற்களைப் பயன்படுத்தியிருந்தேன். அழைப்பவர்களோ “சாமான் அனுப்புகிற அட்டைப்பெட்டி”, “கனமான பொருளுக்கு டபுள் அட்டை”, “பேர் அச்சடித்த பெட்டி” என்றுதான் சொன்னார்கள். தேடுபவர்களும் அப்படித்தான் தேடுவார்கள். இதைச் சரிபார்க்கக் கூகுள் சேர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் தளம் முடிவுகளில் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அது காட்டும். அதைத் திறந்தபோது நோட்டுப் புத்தகத்தில் இருந்த சொற்கள் அங்கும் இருந்தன. அதற்கு முன் நான் செய்திருந்தது என்ன தெரியுமா? யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்தின் நிரலுக்குள் ஒளிந்திருக்கும் ‘கீவேர்ட்ஸ்’ குறிப்பில் அறுபது சொற்களை நிரப்பியிருந்தேன். அந்தக் குறிப்பைத் தன் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதற்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கலாம்.

பிறகு எழுதத் தொடங்கினேன். இந்த முறை கட்டங்கள் எதுவும் இல்லை, வெற்றுத் தாளும் நோட்டுப் புத்தகமும் மட்டும். முதலில் எழுதியது அளவைப் பற்றிய பக்கம். பெட்டியின் அளவை நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். வாய்ப்பகுதியின் நீண்ட பக்கம் நீளம், குறுகிய பக்கம் அகலம், வாயிலிருந்து அடிவரை உயரம். சொல்ல வேண்டியது உள் அளவு. ஏனென்றால் நெளிவு அட்டைக்கும் தடிமன் உண்டு: பி ஃப்ளூட் (ஃப்ளூட் என்பது அட்டையின் உள்நெளிவு வகை) ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், சி ஃப்ளூட் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்த ஐந்து பிளை அட்டை 6 அல்லது 7 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவர்களையும் கூட்டினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். வெளி அளவைக் கொடுத்து உள் அளவென்று நாங்கள் எடுத்துக்கொண்டால் பெட்டி பெரிதாகிப் பொருள் உள்ளே ஆடும். உள் அளவைக் கொடுத்து வெளி அளவென்று எடுத்துக்கொண்டால் பொருள் உள்ளே போகவே போகாது. இந்தக் குழப்பத்தால் ஒவ்வோர் ஆண்டும் ஓரிரு ஆர்டர்களைத் திரும்பச் செய்திருக்கிறோம். இதையெல்லாம் எழுதி, ஒரு பெட்டியை நானே பென்சிலால் வரைந்து, மூன்று அம்புக்குறிகளைப் போட்டுப் படமெடுத்துச் சேர்த்தேன். வடிவமைப்பாளர் அதை அழகாக வரைந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தளத்தில் இன்றுவரை மிக அதிகமாகப் படிக்கப்படும் பக்கம் அதுதான். எந்தத் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும்: வாங்குபவர் அடிக்கடி தவறு செய்யும் இடம், அதனால் இருவருக்கும் நட்டம் வரும் இடம். அதைக் கண்டுபிடித்து முதலில் எழுதிவிடுங்கள்.

விலையைப் பற்றி எழுதுவதா என்பதில்தான் நான் மிக நீண்ட நேரம் தவித்தேன். ஒவ்வொரு பெட்டியும் வேறு என்பதால் ஒரு விலைப்பட்டியல் போட இயலாது. போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் போட்டியாளர்களுக்கு எங்கள் விலை ஏற்கெனவே தெரியும். அவர்களிடம் போய்வந்த வாடிக்கையாளர்கள்தாம் எங்களிடமும் வருகிறார்கள். விலையை மறைத்ததால் அறியாமல் இருந்தவர், புதிதாக வாங்க வந்தவர் மட்டுமே. ஆகவே விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதை எழுதினேன். பெட்டியின் அளவு ஒருபுறமிருக்க, காகிதத்தின் ஜி.எஸ்.எம். எடை (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பது), பிளைகளின் எண்ணிக்கை, அச்சில் எத்தனை நிறம், எத்தனை பெட்டி, புதிய அச்சுப் பிளாக்கோ (அச்சிடும் தகடு) டையோ (அட்டையை வடிவத்துக்கு வெட்டும் கருவி) செய்ய வேண்டுமா என்ற ஐந்தும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன; பிளாக்கும் டையும் ஒருமுறைச் செலவு, அடுத்த ஆர்டருக்கு வராது. ஒரு நிறத்தைக் குறைப்பதால் எங்கே மிச்சமாகும் என்பதையும் சொன்னேன். வாங்குபவர் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தபோது, பேச்சு “எவ்வளவு?” என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடாமல், “மூன்று பிளை போதுமா?” என்பதற்கு நகர்ந்தது.

அதோடு, நாங்கள் செய்யாதவற்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். ஓர் அளவில் ஐந்நூறுக்குக் குறைவாகச் செய்வதில்லை. மெழுகுப் பூச்சு செய்வதில்லை. ஈரமான இடத்திலோ குளிர்கிடங்கிலோ அடுக்கி வைப்பதற்கு எங்கள் பெட்டிகள் ஏற்றவை அல்ல. உணவு நேரடியாகத் தொடும் பெட்டிகள் செய்வதில்லை. இதை எழுதும்போது கை தயங்கியது உண்மை. வருகிறவரை நாமே திருப்பி அனுப்புகிறோமே என்று தோன்றியது. ஆனால் பத்துப் பெட்டி கேட்பவருக்குப் பதில் எழுதும் நேரம் எங்களுக்கும் வீண், காத்திருக்கும் நேரம் அவருக்கும் வீண். அந்தப் பத்தி வந்த பிறகு அத்தகைய செய்திகள் ஏறத்தாழ நின்றுவிட்டன. குளிர்கிடங்கு வைத்திருப்பவர் ஒருவர், “இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்காகவே மற்றச் சரக்குக்கு உங்களிடம் வருகிறேன்” என்று சொல்லி வந்தார். இழப்பீடு கொடுத்த அந்த நாளுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது.

பழைய எழுத்தை வெட்டுவதும் எளிதாக இல்லை. உழைத்து எழுதியதை நீக்க மனம் வரவில்லை. அப்போது எனக்குத் துணையாக இருந்தது இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு முடிவு. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் துழாவினார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காடு மட்டுமே. ஒரே செய்தியைச் சொற்களைப் பாதியாகக் குறைத்து, தற்புகழ்ச்சியை நீக்கி, துழாவிப் படிக்க ஏதுவாக அமைத்தபோது அந்தத் தளத்தின் பயன்பாட்டு எளிமை 124 விழுக்காடு கூடியதாக ஆய்வு செய்தவர்கள் கணக்கிட்டார்கள். தற்புகழ்ச்சியை நீக்குவதற்கே தனிப் பயன் இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. எண்ணூறு சொற்கள் இருந்த ‘எங்களைப் பற்றி’ பக்கம் நூற்றிருபது சொற்களாயிற்று: எப்போதிலிருந்து செய்கிறோம், என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன, ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும், முகவரி, பதிவு எண், யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம். அறிமுகமில்லாத ஒருவர் முன்பணம் அனுப்பும் முன் தெரிந்துகொள்ள விரும்புவது இவற்றைத்தான்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முகப்பின் அடியில் மூன்று வாடிக்கையாளர் பாராட்டுகள் இருந்தன. அவை வடிவமைப்பு மாதிரியோடு வந்த, இல்லாத மனிதர்களின் பெயரில் அமைந்த வாசகங்கள். பத்து மாதங்களாக அவை எங்கள் பெயரின் கீழ் நின்றிருக்கின்றன. வெட்கத்தோடு நீக்கினேன். இப்போது அங்கே இருப்பது ஒரே ஒரு கடிதத்தின் இரண்டு வரிகள். எழுதியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு போட்டது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விலைக்கு வாங்கிய, கைகுலுக்கிச் சிரிக்கும் அந்நியர்களின் படங்களை எடுத்துவிட்டு, எங்கள் கூடத்தையும் அட்டையின் வெட்டுமுகத்தையும் அளவுகோலோடு எடுத்த படங்களைச் சேர்த்தேன். முகப்பில் தானாக நகர்ந்துகொண்டிருந்த ஐந்து படங்களை நீக்கினேன். ஒன்றைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வெளிர்சாம்பல் நிற எழுத்தைக் கறுப்பாக்கினேன். வயதான வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படிக்க முடியவில்லை என்றார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று, பார்வைக் குறை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான வலை அணுகல் நெறிமுறைகள் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வரையறுத்திருக்கின்றன. தொலைபேசி எண் ஒரு படத்துக்குள் இருந்தது; கைப்பேசியில் அதைத் தொட்டு அழைக்க முடியாது என்பதால் எழுத்தாக்கினேன். தொடர்புப் படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பெயர், எண், உள் அளவு, எத்தனை பெட்டி என்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒருவரிடம் வாங்கும் ஒவ்வொரு விவரத்தையும் பாதுகாக்கும் பொறுப்பும் நம்முடையது ஆகிறது. தேவையில்லாததை வாங்காமலிருப்பதே நல்லது. பக்கங்களை நீக்கியபோது மட்டும் ஒரு தவறு செய்தேன்: பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடச் சொல்ல மறந்துவிட்டேன். தேடல் வழியாக வந்தவர்கள் சில வாரங்கள் வெறும் 404 பிழைப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். நிரந்தரத் திருப்பத்துக்கு 301 என்ற முறை இருக்கிறது. வடிவமைப்பாளரிடம் சொன்னால் சிறிது நேரத்தில் முடியும் வேலை.

‘செய்திகள்’ என்ற பகுதியை முற்றிலும் எடுத்துவிட்டேன். அதில் இருந்தது ஒரே செய்தி, தளம் தொடங்கிய அறிவிப்பு. மாதக்கணக்கில் புதிதாக ஒன்றும் வராத செய்திப் பக்கத்தைப் பார்ப்பவர், நிறுவனம் நடக்கிறதா என்றே சந்தேகப்படுவார். ஒரு பக்கத்தைச் சேர்க்கும்போது அதை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பக்கம் வேண்டாம். எங்களிடம் இருப்பது இப்போது ஆறு பக்கங்கள். அவற்றுக்குப் பொறுப்பு, நோட்டுப் புத்தகத்தை எழுதிய அந்தப் பெண்மணிதான். அதற்காக அவருடைய ஊதியத்தையும் உயர்த்தினேன்.

புதிய எழுத்துக்கேற்ப வடிவத்தை மாற்ற இரண்டாம் முறை பணம் கொடுத்தேன். அது முதல்முறை கொடுத்ததில் பாதிதான் ஆயிற்று, ஏனென்றால் செய்யவேண்டியது குறைவாக இருந்தது. மாற்றிய பிறகு வந்த முதல் மாதத்தில் பத்தொன்பது விசாரணைகள் வந்தன, ஏழு ஆர்டர்களாயின. எண்ணிக்கையைவிட என்னை மகிழ்வித்தது அழைப்புகளின் தன்மை. முன்பு அரைமணி நேரம் விளக்கிய பிறகு வந்து சேரும் இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது. “உங்கள் பென்சில் படத்தைப் பார்த்து அளந்தேன், இது உள் அளவுதான்” என்று சொல்லிவிட்டு மூன்று எண்களை வாசித்தார் ஒருவர்.

நோட்டுப் புத்தகம் இன்னும் தொலைபேசி அருகிலேயே இருக்கிறது; இது மூன்றாவது புத்தகம். இந்த வாரம் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: பெட்டிகளைத் தட்டையாக மடித்து அனுப்புவீர்களா, நாங்கள் எவ்வளவு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்? நூறு பெட்டிகளின் கட்டு எவ்வளவு உயரம் வரும் என்று மூன்று பிளைக்கும் ஐந்து பிளைக்கும் தனித்தனியே அளந்துகொண்டிருக்கிறோம். சனிக்கிழமை அது தளத்தில் ஏறிவிடும்.